ஏறும்போது மட்டும் சோர்ந்துபோகும் எஞ்சின்

"ஏறும்போது ஆர்.பி.எம். குறைவு." ஸ்நாக் புத்தகத்தில், அதாவது விமானத்தின் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், விமானி எழுதியது இவ்வளவுதான். ஆர்.பி.எம். என்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. அதற்கு எதிரே, "பிளக்குகள் சுத்தம் செய்யப்பட்டன. தரையில் ஓட்டிப் பார்த்ததில் சரி" என்று பதில். சில பக்கம் தள்ளி மறுபடி அதே புகார். இந்த முறை பிளக்குகளையே மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் கார்புரேட்டர் இறங்கி ஏறியிருக்கிறது. அதற்கும் அப்புறம் வந்த புகாருக்கு யாரோ பெரியவர், "வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்று வாய்மொழியாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

இந்தப் பக்கங்களையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவன் என் அக்கா மகன். ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறான், ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு எஞ்சினியர்) தேர்வுத் தாள்களையும் எழுதிக்கொண்டிருக்கிறான். வைகாசியில் கானாடுகாத்தானில் பங்காளி வீட்டுக் கல்யாணம். நான் சின்ன விமானங்களின் எஞ்சினோடு மாரடித்து ஓய்வுபெற்று இப்போது காரைக்குடியில் இருப்பவன். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, முகப்பில் ஒரு தூண் ஓரமாக என்னை உட்காரவைத்து, "அம்மான், ஒரு சந்தேகம்" என்று போனை நீட்டினான்.

விமானம் செஸ்னா 152. லைகோமிங் ஓ-235 எஞ்சின், 110 குதிரைத் திறன், சிவப்புக் கோடு, அதாவது தாண்டக்கூடாத ஆர்.பி.எம்., 2550. மெக்காலி பிராப் (முன்னால் சுழலும் காற்றாடி), அதன் நடுப்பகுதியான ஹப்பில் 6958 என்று அச்சு: 69 அங்குல விட்டம், 58 அங்குல பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி முன்னேறும் தூரம். இந்த அச்சைத்தான் முதலில் போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிராப் ஓவர்ஹாலுக்குப் போய்த் திரும்பி வரும்போது பிட்ச் கூடி வந்தால், எஞ்சின் எவ்வளவு நல்லதானாலும் ஆர்.பி.எம். ஏறாது. இது பழைய பிராப், சமீபத்தில் எங்கும் போய்வரவில்லை. சரி, அது இல்லை.

"ஏறும்போது வேகம் எவ்வளவு வெச்சிருந்தாங்க?"

"அதுக்கும் ஆர்.பி.எம்.முக்கும் என்ன அம்மான்?"

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிட்ச் மாறாத பிராப்பில் ஆர்.பி.எம்.மைப் பிடித்து நிறுத்த கவர்னர் என்று ஒன்றும் கிடையாது. எஞ்சின் தருகிற முறுக்கும் பிராப் கேட்கிற சுமையும் எங்கே சமமாகிறதோ அங்கே முள் நிற்கும். விமானம் நின்றுகொண்டிருக்கும்போது பிராப்பின் அலகு, அதாவது அதன் இதழ், காற்றை முழுக் கோணத்தில் வெட்டுகிறது, சுமை அதிகம். முன்னே நகர நகரக் கோணம் குறைகிறது, சுமை குறைகிறது, ஆர்.பி.எம். ஏறுகிறது. மூக்கை அதிகம் தூக்கி வேகத்தை விட்டுவிட்டால் சுமை மறுபடி கூடும், முள் இறங்கும். 152-க்கு நன்றாக ஏறுகிற வேகம் 67 நாட். தடையைத் தாண்டுவதற்கான செங்குத்து ஏற்றத்துக்கு 55 நாட். 55-இல் ஏறிவிட்டு ஆர்.பி.எம். குறைகிறது என்று எழுதினால் அது ஸ்நாக் இல்லை, பாடம்.

நல்லவேளை, பயிற்சியாளர் ஒருவர் பக்கத்து சீட்டிலிருந்து எடுத்த வீடியோ அவனிடம் இருந்தது. ஏற்றம் முழுக்க வேகமுள் 65-க்கும் 68-க்கும் நடுவில்தான் நிற்கிறது. டாக்கோமீட்டர் (ஆர்.பி.எம். காட்டும் கருவி, சுருக்கமாக டாக்) 2180. தரையில் பிரேக்கைப் பிடித்து, த்ராட்டிலை (எஞ்சின் திறனைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) முழுதாகத் திறந்து பார்த்தபோது அதே டாக்கில் 2260. கையேட்டின்படி நின்ற நிலையில் 2280 முதல் 2380 வரை வரவேண்டும். ஆகத் தரையில் 20 குறைச்சல், அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மேலே போனால் 80 இன்னும் இறங்குகிறது. ஏறவேண்டிய இடத்தில் இறங்குகிறது என்பதுதான் இதில் விஷயமே. நின்றபடி 2260 காட்டுகிற எஞ்சின் 67 நாட்டில் அதைவிடக் கூடுதலாகக் காட்டியே ஆகவேண்டும். அப்படியென்றால் தரைக்கும் வானத்துக்கும் நடுவே எஞ்சின் எதையோ இழக்கிறது.

வெயில் தீர்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் சித்திரை வைகாசியில் எல்லாப் பழியும் வெயில் மேல்தான் விழும். 38 டிகிரி அடிக்கிற நாளில், 300 அடி உயரமுள்ள ஒரு ஓடுபாதையில், எஞ்சின் உணர்கிற உயரம் சுமார் 3000 அடி. திறனில் பத்தில் ஒரு பங்கு போகும். விமானம் மந்தமாகத்தான் ஏறும், உண்மை. ஆனால் காற்று மெலிந்தால் எஞ்சினுக்கு மட்டுமா மெலிகிறது? பிராப் வெட்டுகிற காற்றும் அதே காற்றுதான், அதன் சுமையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அதனால் பிட்ச் மாறாத பிராப்பில் வெயில் ஏறும் வீதத்தைத்தான் தின்னும், ஆர்.பி.எம்.மைப் பெரிதாகத் தொடாது. தவிர, தரையிலும் அதே வெயில்தானே.

அடுத்து, முள் சொல்வதை நம்பலாமா? பழைய விமானங்களில் டாக் என்பது ஒரு கேபிள், சுழலும் காந்தம், அதன் மேல் ஒரு அலுமினியக் கிண்ணம், ஒரு சுருள் கம்பி. காந்தம் வயதாகித் தளரும்போது குறைத்துக் காட்டும். எஞ்சினில் கை வைப்பதற்கு முன்னால் இதைத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். கானாடுகாத்தானில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கிற விமானத்தின் டாக்கைச் சோதிப்பது எப்படி என்று அவன் கேட்டான். வீடியோவில் சத்தம் இருக்கிறதே என்றேன்.

நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்: ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. பிராப்பில் இரண்டு அலகு: ஒரு சுற்றுக்கு இரண்டு வெட்டு. இரண்டும் ஒரே அலைவரிசையில் விழும். அந்த அலைவரிசையை 30-ஆல் பெருக்கினால் ஆர்.பி.எம். போனில் சத்தத்தைப் பிரித்துக் காட்டும் இலவச ஆப் ஒன்றை இறக்கி, வளவுக்குள் நாதஸ்வரம் கேட்காத ஒரு அறையாகப் பார்த்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். இரட்டைக் கதவு, தேக்கு. ஆனாலும் கெட்டிமேளம் உள்ளே வந்துதான் தீர்ந்தது. போன் மைக்குக்கு 75 ஹெர்ட்ஸ் பக்கம் காது மந்தம், அதனால் அந்த இடத்தில் கோடு மங்கலாகத் தெரியும். அதன் இரட்டிப்பில் பார்த்தால் பளிச்சென்று நிற்கும், பாதியாக்கிக்கொள்ள வேண்டும். தரையில் எடுத்த வீடியோவில் 154. பாதி 77. முப்பதால் பெருக்கினால் 2310. டாக் காட்டியதோ 2260. ஏற்றத்தில் 148.6, அதாவது 2230 அளவில். டாக் காட்டியது 2180.

இரண்டு இடத்திலும் டாக் 50 குறைத்துக் காட்டுகிறது. ஆக உண்மையில் தரையில் எஞ்சின் கணக்குக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஏறும்போது 80 விழுவது நிஜம். இரண்டு கோளாறு, ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இப்படி இருக்கும்போதுதான் ஆளாளுக்கு ஒரு பாகத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

என்னிடம் ஒரு ஆப்டிகல் டாக்கோமீட்டர் உண்டு, பிராப்புக்கு முன்னால் பிடித்தால் எண் காட்டுவது. அதை அவனுக்குக் கொடுத்தனுப்பும் முன் அதையும் சோதிக்க வேண்டுமே. சோக் போட்ட பழைய டியூப் லைட் ஒன்று என் வீட்டுப் பட்டாலையில் இன்னும் எரிகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கருவியை இரண்டு அலகு என்று வைத்து டியூப் லைட்டை நோக்கிப் பிடித்தால் 3000 காட்ட வேண்டும். காட்டியது. (இதே காரணத்தால் ஹேங்கருக்குள் விளக்கடியில் நின்று பிராப்பை அளக்காதீர்கள். எஞ்சினை விட்டுவிட்டு விளக்கை அளந்துகொண்டிருக்கும்.)

இதற்கு நடுவில் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "நம்ம செட்டிநாட்டு ஏரோட்ரோம்ல இறக்கிப் பாத்துற வேண்டியதுதானே" என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுபாதை அது. இப்போது அங்கே இறங்குவதற்கு மாடுகளிடம் அனுமதி வாங்க வேண்டும்.

சரி, தரையில் நன்றாக இருந்து மேலே போனதும் ஏன் விழுகிறது? தரையில் இல்லாமல் ஏற்றத்தில் மட்டும் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். மூக்கு தூக்கியிருக்கிறது. முழுத் திறனில் நிமிடக்கணக்கில் ஓடுகிறது. சூடேறுகிறது. எதிர்க்காற்று உள்ளே வருகிறது. விமானியின் கை த்ராட்டிலை விட்டு நகர்ந்திருக்கலாம். உராய்வுத் திருகு தளர்ந்திருந்தால் த்ராட்டில் தானாகப் பின்னால் ஊர்ந்து வரும். வீடியோவில் கை அங்கேயே இருக்கிறது, அதனால் இது கழிந்தது.

எரிபொருள் பக்கம் என் சந்தேகம் குளவி மேல். 152-இல் பம்ப் கிடையாது, இறக்கையிலிருந்து தானாக இறங்குவதுதான். தொட்டிக்குக் காற்று போகிற குழாய் இடது இறக்கைக்கு அடியில், இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் குளவி மண்கூடு கட்டினால் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக ஓடும். தொட்டிக்குள் காற்று போகாமல் இழுவை ஏற ஏற பெட்ரோல் மெலியும். பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீட்டைத் திறந்தவர்களுக்குத் தெரியும், சாவித் துவாரத்தைக்கூட விடாது குளவி. ஆனால் அப்படி மெலிந்தால் எஞ்சின் தடதடக்கும், திக்கும். இங்கே அப்படி இல்லை. பயிற்சியாளர் எழுதியிருந்ததிலேயே எனக்கு மிகவும் உதவிய சொல், "ஸ்மூத்". சத்தத்திலும் அது தெரிந்தது. ஒரு சிலிண்டர் பிளக்கோ வால்வோ, பிளக்குக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோவோ தகராறு செய்தால் கரகரப்பு இருக்கும். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி, சத்தமில்லாமல் சோர்ந்தால், நாலுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். நாலுக்கும் பொது என்றால், காற்று வருகிற வழி அல்லது புகை போகிற வழி. இரண்டு மேக்னெட்டோவின் டைமிங்கும் சேர்ந்து பின்தங்கியிருந்தாலும் இப்படிச் சோரலாம்தான், ஆனால் அது தரையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

காற்று வரும் வழியைப் பற்றி ஒரே ஒரு கைப்பிடி நிறையச் சொல்லும்: கார்ப் ஹீட், கார்புரேட்டருக்குச் சூட்டுக் காற்றைத் திருப்பிவிடுவது. இழுத்ததும் ஆர்.பி.எம். வழக்கம்போல் நூறு அளவுக்கு இறங்கினால் அந்தப் பக்கம் சரி. இறங்கவே இல்லை என்றால் சூட்டுக் கதவு ஏற்கனவே பாதி திறந்து கிடக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. (சூட்டுக் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வருவதால் அடைப்பிலிருந்து எஞ்சினுக்கு ஒரு விடுதலை.) இறங்கி, தடுமாறி, பிறகு முன்பைவிட ஏறினால் கார்புரேட்டரில் பனிக்கட்டி உருகியிருக்கிறது. நம் ஊர் வெயிலில் பனியா என்று சிரிக்கவேண்டாம். உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கும் மேல் விழும், காற்றில் ஈரம் இருந்தால் போதும். இழுத்த உடனே ஏறினால், எஞ்சின் பெட்ரோல் போதாமல் மெலிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. சூட்டுக் காற்று கலவையைக் கொழுக்கவைத்துக் காப்பாற்றுகிறது.

இதைச் சோதிக்க யாரையும் மறுபடி மேலே அனுப்பாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். தேவையும் இருக்கவில்லை. வீடியோவின் கடைசிப் பகுதியில் பயிற்சியாளரே முறைப்படி கார்ப் ஹீட்டை இழுக்கிறார், முள் 2180-லிருந்து 2080-க்குப் போகிறது, தள்ளியதும் திரும்பி வருகிறது. பிசகில்லாத பதில். வரும் வழி சரி.

"அப்ப புகை போற வழி" என்றான் அவனே.

152-இல் நாலு சிலிண்டரின் புகையும் ஒரே சைலன்சருக்குள் வருகிறது. உள்ளே ஓட்டை போட்ட உலோகக் குழல் ஒன்று உண்டு. அது வருஷக்கணக்கில் வெந்து, மெலிந்து, ஒரு நாள் உடையும். உடைந்த துண்டு உள்ளேயே கிடக்கும். தரையில் ஒரு பக்கமாகப் படுத்திருந்தால் எஞ்சின் முழுத் திறனையும் தரும், நீங்கள் "தரையில் சரி" என்று கையெழுத்துப் போடலாம். மூக்கைத் தூக்கி முழு வேகத்தில் புகை அடித்துத் தள்ளும்போது துண்டு நகர்ந்து வெளிவாயில் குறுக்கே நிற்கும். புகை முழுதாக வெளியேறாத சிலிண்டருக்குள் புதுக் காற்று எப்படி முழுதாக வரும்? மூக்கைத் தாழ்த்தினால் சில சமயம் தானாக விலகிக்கொள்ளும், இறங்கி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அந்த ஸ்நாக் புத்தகத்தில் இருந்த அத்தனையும் இதோடு பொருந்திப்போனது.

இதுவும் இல்லையென்றால் அடுத்து எங்கே போக வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரில் அழுத்தம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை) எண்கள் நன்றாகத்தான் இருந்தன, எல்லாம் 80-க்கு 70-க்கு மேல். ஆனால் வால்வுகளைத் திறக்கிற கேம் தேய்ந்திருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் அதைக் காட்டாது, ஏனென்றால் அந்தச் சோதனையில் வால்வுகள் மூடியபடி இருக்கும். வால்வு எவ்வளவு திறக்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்தால்தான் தெரியும். மழைக்காலத்தில் ஓடாமல் நின்ற லைகோமிங்குகளுக்கு இது வரும். ஆனால் கேம் தேய்வு தரையிலும் குறைத்துக் காட்டும், அதனால் அது கடைசி.

கல்யாணம் முடிந்து வேலைக்குப் போனவன் அவர்கள் ஏ.எம்.இ.யிடம் சொல்லியிருக்கிறான். "காரைக்குடியில இருந்து போன்ல கண்டுபிடிச்சாரா?" என்று கேலி நடந்திருக்கிறது. ஆனால் அவர் நல்ல மனுஷர்போல, ரப்பர் சுத்தியை எடுத்துக் குளிர்ந்த சைலன்சரைத் தட்டச் சொல்லியிருக்கிறார். உள்ளே கலகலவென்று சத்தம். வால் குழாய் வழியாகச் சின்ன கேமராவை விட்டு எனக்குப் படம் அனுப்பினான். உள்ளங்கை அளவு துண்டு, சாம்பல் பூத்து, ஓட்டைகளின் விளிம்பெல்லாம் அரித்து, வாயை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. கழற்றிக் கவிழ்த்ததும் விழுந்ததை விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியதாம்.

இதில் நான் பயப்படுவது ஆர்.பி.எம்.முக்காக இல்லை. விமானத்தின் கேபின் ஹீட்டர் அந்தச் சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டு உறைதான். உள்ளே குழல் உடைகிற அளவு வெந்திருந்தால் வெளிச்சுவரும் பாதி வழி போயிருக்கும். அதில் ஒரு விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக விமானியின் மூக்குக்கு வரும், மணமும் இருக்காது. நம் பக்கம் ஹீட்டர் யாரும் போடுவதில்லை என்பதால் அந்தக் கைப்பிடி சரியாக மூடுகிறதா என்றும் யாரும் பார்ப்பதில்லை. மிச்சமிருந்த குழாய்களில் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டுச் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒரு இணைப்பில் குமிழ் வந்தது, அதையும் சரிசெய்தார்கள்.

ஆப்டிகல் கருவியும் டாக்கின் 50-ஐ உறுதிப்படுத்தியது. புது சைலன்சரும் வேறொரு டாக்கும் போட்டபின், காற்றில்லாத காலையில் நின்றபடி 2320. ஏற்றத்தில் 67 நாட்டில் 2400. அனுப்பிய வீடியோவில் சத்தம் 80 ஹெர்ட்ஸ் என்றது, முள்ளும் 2400-இலேயே நின்றது.

டாக்கின் 50-ஐச் சிலர் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். குறைத்துக் காட்டுகிற டாக்கில் மாணவன் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் 2550-இல் இறங்கிவந்தால், எஞ்சின் 2600-இல் சுற்றியிருக்கிறது. எத்தனை மாணவர்கள் அப்படி இறங்கியிருப்பார்கள் என்று லாக் புத்தகத்தில் தேடிப் பயனில்லை, ஏனென்றால் எழுதியவர்களும் அதே முள்ளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கழற்றிய டாக் இனி எப்படியும் விமானத்தில் ஏறாது. கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றதும் என் முகவரிக்குக் கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன். காந்தம் தளர்ந்ததா, சுருள் கம்பி இறுகியதா, உள்ளே எண்ணெய் ஏறியதா என்று திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.